கழிமுகத்துப் பறவைகளும் நமது கடமையும்

நெசவாளருக்கும் உழவருக்கும் உரிய இம்மாத இதழில் பறவைகளைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நூலும் கூலியும், விதையும் உரமும், கடனும் தவணையும் பற்றிப் பேசவே பக்கங்கள் போதவில்லை. கொக்குக்கும் நாரைக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பது நியாயமே. அந்த உறவு யாது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். படித்து முடித்தபின், இது நமது சங்கங்களின் காரியமே என்பதை அங்கத்தினர் ஒப்புக்கொள்வர் என நம்புகிறோம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியாகச் செல்வோருக்கு ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆலைகளும் கிடங்குகளுமே கண்ணில் படும். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் வண்டி இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அன்று முதல் இன்று வரை இது உழைப்பாளர் வாழும் பூமி. இப்பூமியின் வடகோடியில், எண்ணூரில், நிலம் நீருக்கு வழிவிட்டு விலகி நிற்கிறது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் அங்கே உள்ளது. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி வரையில் ஆறும் கால்வாயும் உப்பங்கழியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்த ஆறு நமக்கு அந்நியமானதன்று. தறியோசை ஓயாத பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஓடிவந்து, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, பின்னர் வயல்களுக்கிடையே நடந்து, மணலியின் ஆலைகளைக் கடந்து கடலை அடைகிறது. நெசவாளன் அலசும் நீரும், உழவன் பாய்ச்சும் நீரும், மீனவன் வலை வீசும் நீரும் ஒரே ஆற்றின் நீர். அதன் முடிவில் நின்று இரை தேடுகிறது பறவை. மேலே உள்ளவர்கள் நீருக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கீழே நிற்கும் பறவையே முதலில் உணர்கிறது.

பழவேற்காட்டுக்கும் தறிக்கும் உள்ள தொடர்போ மிகவும் பழமையானது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து கோட்டை கட்டியது சோழமண்டலத்துத் துணியை நாடித்தான். அங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பாவில் அவ்வூரின் பெயரே வழங்கிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு நெசவாளர்கள் அதனைப் பார்த்துத் தாங்களும் நெய்து, அதே பெயரில் விற்றனர். நமது முன்னோரின் கைத்திறனுக்கு வாசலாக இருந்த நீர்நிலை, பறவைகளுக்கும் வாசலாக இருந்து வருகிறது.

சேற்றில் நடக்கும் கூட்டுத்தொழில்

கழிமுகத்தில் கடல்நீர் ஏறுவதும் வடிவதும் நாள்தோறும் நிகழ்வது. நீர் வடியும்போது சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். பார்ப்பவருக்கு அது வெறும் சேறு. ஆனால் அச்சேற்றினுள் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் இறால் குஞ்சுகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றை நம்பியே பறவைகள் வருகின்றன.

ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு கருவி. குட்டை அலகுடைய உப்புக்கொத்தி மேற்பரப்பில் பொறுக்குகிறது. நடுத்தர அலகுடைய உள்ளான் சற்று ஆழத்தில் துழாவுகிறது. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் வகைப் பறவைகள் ஆழத்தில் கிடக்கும் இரையை இழுக்கின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி நீரை வடிகட்டி உண்கிறது. கூழைக்கடா தன் பெரிய பையில் நீரோடு மீனை அள்ளி, நீரை வெளியேற்றிவிட்டு மீனை விழுங்குகிறது. பாவு ஓட்டுபவர், சாயம் தோய்ப்பவர், நெய்பவர் என நம்மில் வேலை பிரிந்திருப்பதைப் போலவே, ஒரே சேற்றில் இவை தத்தம் பங்கைப் பெற்று வாழ்கின்றன.

இவற்றுள் பல நம் நாட்டில் பிறந்தவையல்ல. வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் கடுமையாகும் முன் இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. ஏறத்தாழ முப்பது நாடுகளின் வானத்தைத் தொட்டு அமைந்த இவ்வழியினை மத்திய ஆசியப் பறவைப்பாதை என்பர். ஐப்பசி, கார்த்திகையில் வந்து கூடும் கூட்டங்கள் பங்குனி வாக்கில் திரும்பிவிடுகின்றன. பல்லாயிரம் கல் பறந்து களைத்து வரும் உயிர், சென்ற ஆண்டு இரை தந்த சேற்றுத்திட்டை நம்பியே வந்து இறங்குகிறது. அத்திட்டு மறைந்திருந்தால், வேறிடம் தேடப் போதிய வலு அதன் உடலில் எஞ்சியிராது.

கூழைக்கடாவோ நம் நாட்டுப் பறவை. பழவேற்காடு ஏரிக்கு அருகில், ஆந்திர எல்லைக்குள் உள்ள நேலப்பட்டு அதன் பெயர்பெற்ற கூடுகட்டும் இடம். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. எண்ணூர்க் கழிமுகத்துக்கோ அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. அதன் கரையெங்கும் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் சாம்பல் குளங்களும் எழுந்தன.

இறகும் ஒரு துணியே

பறவையின் இறகு எவ்வாறு அமைந்தது என்பதை நெசவாளருக்கு எளிதில் விளக்கலாம். நடுத்தண்டின் இருபுறமும் இழைகள் செல்கின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் கிளைக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள கொக்கிகள் அடுத்த இழையைப் பற்றிக்கொள்கின்றன. பாவும் ஊடையும் போல இவை நெருங்கிப் பிணைந்திருப்பதால் நீர் உட்புகுவதில்லை, உடற்சூடு வெளியேறுவதில்லை. பறவை அலகால் இறகைக் கோதுவது அழகுக்காக அன்று. பிரிந்த இழைகளை மீண்டும் கோத்து, தன் துணியைத் தானே செப்பனிடுகிறது.

இத்துணியின்மேல் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? இழைகள் ஒட்டித் திரண்டுவிடும், இடைவெளி விழும். நீர் தோலைத் தொடும். உடல் குளிர்ந்து, மிதக்கும் ஆற்றல் குன்றும். எண்ணெயை நீக்க எண்ணிப் பறவை மேலும் மேலும் கோதும். அவ்வெண்ணெய் வயிற்றுக்குள் சென்று நஞ்சாகும். பறக்க முடியாமல், இரை தேட முடியாமல், பல நாள் துன்புற்று அது மாளும்.

இது எங்கோ நடந்த கதையன்று. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையெங்கும் படிந்தது. மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகள் கறுத்துப்போயின. அவற்றைப் பிடித்துக் கழுவிக் காப்பாற்ற வனத்துறையினர் முயன்றனர். ஆனால் ஓரளவேனும் பறக்கக்கூடிய பறவையைப் பிடிப்பது எளிதன்று.

அதே எண்ணெய்தான் மீனவர் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது என்பதை நாம் மறக்கலாகாது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் பல நாள் தொழிலிழந்தனர். தக்க கருவிகள் வந்து சேரும் முன்பே வெறுங்கையால் எண்ணெயை அள்ளியவர்களும் அவர்களே. அரசாங்கம் 2,300-க்கு மேற்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது. பறவைக்கு நேர்ந்தது வேறு, மனிதனுக்கு நேர்ந்தது வேறு என்று பிரித்துச் சொல்ல அங்கே இடமில்லை.

எண்ணெய் ஒருநாள் வந்து கண்ணில் பட்டது. ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் வந்தது நிலக்கரிச் சாம்பல். அனல் மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு நீரோடு கலந்து அனுப்பப்பட்ட சாம்பல், குழாய்க் கசிவுகளால் ஆற்றிலும் அலையாத்தி நிலத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது, சேற்றை மூடிய சாம்பலுக்கடியில் புழுவும் இறாலும் வாழ வழியில்லை. கையால் தடவி இறால் பிடித்து வந்த குடும்பங்கள் வருவாய் இழந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் இவ்வழக்கில் தீர்ப்பளித்து, கெட்டுப்போன ஈரநிலத்தை மீட்கும் பொறுப்பை வலியுறுத்திற்று. இதற்கிடையே, கப்பல்களின் வழியே வந்ததாகக் கருதப்படும் தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று, மீனவர் ‘காக்கா ஆழி’ என்று அழைப்பது, ஆற்றின் அடித்தளத்தைப் பாய்போல் மூடி இறாலை விரட்டி வருகிறது. துன்பங்கள் தனித்து வருவதில்லை.

வேடந்தாங்கல் காட்டும் வழி

இத்தனையையும் கேட்டு அயர்ந்துவிடுதல் கூட்டுறவாளருக்கு அழகன்று. சாமானியக் குடியானவர்கள் ஒன்றுகூடிப் பறவையைக் காத்த வரலாறு நம் பக்கத்திலேயே உண்டு. மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள வேடந்தாங்கலை அறியாதவர் இரார். ஆனால் அதனை முதன்முதலில் காத்தவர் யார் என்பதை அறிந்தவர் சிலரே.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அவ்வேரியில் பறவைகளைச் சுட்டு வந்தனர். ஊரார் ஒன்றுதிரண்டு செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், 1798-இல், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் ஒன்று எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அரசாங்கத்தின் வனச்சட்டங்கள் வந்ததெல்லாம் அதற்குப் பின்னரே. 2022-இல் இவ்வேரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஊரார் இவ்வாறு செய்தது வெறும் இரக்கத்தால் மட்டுமன்று. ஏரியிலுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் விழுகிறது. அந்நீர் வயலில் பாயும்போது தழைச்சத்தும் சேர்ந்து பாய்கிறது. பறவை தங்கினால் பயிர் செழிக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டனர். பறவைக்கு இருக்க இடம். குடியானவனுக்கு விலையில்லா உரம். இதனைவிடச் சிறந்த கூட்டுறவு ஒப்பந்தம் வேறு எது?

சாயத்தொழில் செய்யும் அன்பர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு செய்தி உண்டு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட துன்பம் நாடறிந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. தொழில் பெரிதும் தடுமாறிற்று. பின்னர்ச் சுத்திகரிப்பு முறைகளை ஏற்று மீண்டது. அதே ஊருக்கு அருகில் உள்ள நஞ்சராயன் குளம், உள்ளூர் ஆர்வலர்களின் நெடுநாளைய முயற்சிக்குப் பின் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. துணித்தொழில் ஊரில் பறவைக்கு இடமில்லை என்பார்க்கு அக்குளமே விடை.

புறம்போக்கு யாருடையது?

நமது வருவாய்க் கணக்குகளில் கழிமுகமும் உப்பங்கழியும் பெரும்பாலும் புறம்போக்கு என்றே குறிக்கப்பட்டிருக்கும். வரி விதிக்கப்படாத பொதுநிலம் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் நாளடைவில், யாருக்கும் சொந்தமில்லாத நிலம், யார் வேண்டுமானாலும் எதையும் கொட்டக்கூடிய நிலம் என்று அது பொருள் மாறிவிட்டது. கேட்பாரற்ற நிலம் என்று கருதியதாலன்றோ சாம்பலும் கழிவும் அங்கே சென்றன?

கூட்டுறவாளர்களாகிய நாம் இப்பொருளை ஏற்க முடியாது. தனி ஒருவருக்குச் சொந்தமில்லாதது அனைவருக்கும் சொந்தமானது என்பதே நம் இயக்கத்தின் அடிப்படை. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தவுடன், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த திரூரில் உழவர்கள் கூடி நாணயச் சங்கம் அமைத்தனர். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் நமக்கு அடுத்த ஊரே. அவர்களிடம் தனித்தனியே பணமில்லை. ஆனால் ஒன்றுகூடியபோது பணமும் நாணயமும் உண்டாயின. 1995-இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதனைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக ஏற்றது. நாம் வாழும் இடத்தின் நீரும் நிலமும் அதில் அடங்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆலைகளை மூடிவிட வேண்டும் என்பது நமது கருத்தன்று. நம் பிள்ளைகளும் சகோதரர்களும் அங்கே வேலை செய்கின்றனர். அங்கே உண்டாகும் மின்சாரத்தில் நமது விசைத்தறிகளும் பம்புசெட்டுகளும் ஓடுகின்றன. தன் கழிவுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தாத அங்கத்தினரைச் சங்கம் விட்டுவிடுவதில்லை. ஆற்றிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவரை மட்டும் விட்டுவிடலாமோ? அவ்வாறே, பறவைகளைக் காக்கிறோம் என்று சொல்லி மீனவரை நீரிலிருந்து விலக்குவதும் முறையன்று. எந்த மாதம் எப்பறவை எங்கே இறங்கும், எவ்விடத்தில் நீர் கெட்டது என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. அவரே முதற் காவலர்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் அரசாங்கத்துக்கு உரியவை. ஆனால் ஒவ்வொரு சங்கமும் தன் அளவில் தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சாயப்பட்டறைகள். சாயநீரையும் வெளுப்புநீரையும் கால்வாயில் விடும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனை நிறுத்துவோம். தனிப்பட்டறைக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுப்படியாகாது. பல பட்டறைகள் கூடினால் கட்டுப்படியாகும். இதற்காகவே கூட்டுறவு இருக்கிறது.

இரண்டாவது, வயல்கள். வயலில் பறவைத் தாங்கிகளை நட்டால் கரிச்சான் குருவி வந்தமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். இரவில் கூகை எலிகளை வேட்டையாடும். நத்தைக்குத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்னும். கண்டபடி பூச்சிமருந்து தெளித்தால் இந்த வேலையாட்களை நாமே கொன்றவர்களாவோம். மிஞ்சிய மருந்து வடிகால் வழியே கழிமுகத்தைச் சேரும்.

மூன்றாவது, வலை வைத்துப் பறவை பிடிப்போரையும், இறைச்சிக்காக விற்போரையும் ஆதரியாதிருத்தல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அறியாமல் வாங்குவோருக்கு எடுத்துச் சொல்வதும், மீறுவோரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவிப்பதும் நம் பொறுப்பு.

நான்காவது, கணக்கெடுத்தல். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் பறவைகளை எண்ணி வருகின்றனர். நம் சங்கங்களின் இளைஞரும் பள்ளிப் பிள்ளைகளும் அந்நாட்களில் தத்தம் ஊர் ஏரியையும் கழியையும் பார்த்து, வந்த பறவைகளைக் குறித்து வைக்கலாம். வரவு செலவு எழுதாத சங்கம் நிலைக்காது என்பதை நாம் அறிவோம். பறவைக் கணக்கும் அத்தகையதே. இன்று எத்தனை இருந்தன என்று எழுதி வைத்தாலன்றி, நாளை எத்தனை குறைந்தன என்று யாரிடமும் முறையிட இயலாது.

ஐந்தாவது, பொதுப்பேரவையில் தீர்மானம். எண்ணூர்க் கழிமுகத்தில் எஞ்சியுள்ள சேற்றுத்திட்டுகளையும் அலையாத்திக் காட்டையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். படிந்த சாம்பலையும் எண்ணெயையும் அகற்றும் பணி மீனவர் பிரதிநிதிகளின் கண்முன் நடைபெற வேண்டும் என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். ஒரு சங்கத்தின் காகிதம் கோப்பில் உறங்கலாம். நூறு சங்கங்களின் காகிதங்கள் உறங்கமாட்டா.

வேடந்தாங்கல் ஊரார் 1798-இல் கலெக்டரிடம் சென்றபோது அவர்களிடம் பட்டமோ பதவியோ இல்லை. ஊர் ஒற்றுமை ஒன்றே இருந்தது. ஏறக்குறைய 230 ஆண்டுகள் கடந்தும் பறவைகள் அவ்வேரிக்கு வந்துகொண்டிருக்கின்றன. எண்ணூரிலும் ஒவ்வோர் ஐப்பசியிலும் அவை வந்து இறங்கவே செய்கின்றன. ஒருபுறம் புகைபோக்கி, மறுபுறம் சாம்பல் மேடு, நடுவே மிஞ்சிய சேற்றில் நின்று இரை தேடுகின்றன. அவை இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்துக்கு ஓர் இடம் ஒதுக்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும் கேட்டுக்கொள்கிறோம்.